வெள்ளிக்கிழமை ஐஸ்

மின்சாரத்துக்கு எந்த மணியில் என்ன விலை வைக்கலாம் என்று அரசாங்கங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. இருபது வருடமாகச் சென்னையில் உட்கார்ந்து அதைத்தான் செய்கிறேன். இதில் ஒரு வசதி உண்டு. கட்டணம் மாறினால் ஜனங்கள் அமைச்சரைத் திட்டுவார்கள், மீட்டர் பார்க்க வருகிறவரைத் திட்டுவார்கள். இதையெல்லாம் யோசித்துக் கொடுத்த பெண்பிள்ளை ஒருத்தி எங்கேயோ இருக்கிறாள் என்று யாருக்கும் தோன்றாது. திட்டு வந்து சேர்வதற்குள் நான் அடுத்த ஊரில் இறங்கியிருப்பேன்.

அப்படி இறங்கிய ஊர்தான் மலேசியாவின் ஜொகூர். ஒரு நாட்டின் மின்சாரச் சந்தையை எப்படித் திருத்தி அமைப்பது என்று பல நாட்டுக்காரர்கள் கூடிப் பேசும் பட்டறை. வியாழன் ஆரம்பம், திங்கள் முடிவு, நடுவில் சனி ஞாயிறு ஓய்வு. எனக்கு அதில் இரண்டு வேலை. ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும், கடைசியில் பட்டறையின் அறிக்கைக்கு ஒரு அத்தியாயமும் எழுதித்தர வேண்டும். அறிக்கை பிடித்துப்போனால் அடுத்த கட்ட ஆய்வும் எனக்கே வரும் என்று முன்கூட்டியே காதில் போட்டு வைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை சிங்கப்பூர் விமான நிலையத்திலிருந்து எங்களை ஏற்றிவந்த வேன், எல்லைப் பாலத்துச் சோதனைச் சாவடியில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அசையவில்லை. ஓட்டுநர் தமிழர். "இது டெய்லி இப்படித்தான்லா. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறவங்க எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு நெனைக்கிறீங்க?" என்றார். கெலாங் பாத்தாவை நெருங்கும்போது ஜன்னலே இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள் தெரிந்தன. அது என்ன என்று கேட்டேன். "உள்ள கம்ப்யூட்டருங்க. மனுசன் கொஞ்சம் பேருதான். ஆனா ஏசி மட்டும் ராத்திரி பகல் ஓடும்" என்றார்.

விடுதி மண்டபத்திலும் அப்படித்தான் ஏசி ஓடியது. மின்சாரத்தை எப்படிச் சிக்கனமாகச் செலவிடுவது என்று பேச வந்தவர்கள் அத்தனை பேரும் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தோம். நான் புடவைத் தலைப்பைக் கழுத்து வரை சுற்றிக்கொண்டு என் கட்டுரையை வாசித்தேன்.

விஷயம் இவ்வளவுதான். வார நாட்களில் மதியம் இரண்டு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை எல்லோரும் ஒரே சமயத்தில் மின்சாரத்தைக் கேட்கிறார்கள். அந்த நேரத்துக்கு விலையைக் கூட்டி வைத்து, மற்ற நேரத்துக்கும் சனி ஞாயிறுக்கும் குறைத்துவிட்டால், அவரவர் வேலையை மலிவான நேரத்துக்குத் தள்ளிக்கொள்வார்கள். புது மின் நிலையம் கட்ட வேண்டியதில்லை. காகிதத்தில் இதைவிட அழகான யோசனை கிடையாது. என் கட்டுரையிலும் அழகாகத்தான் இருந்தது.

எனக்கு அடுத்து 'சிறு நுகர்வோர் தரப்பு' என்று ஒருவரை மேடையேற்றினார்கள். பெயர் மாரிமுத்து. ஐம்பதைத் தாண்டியவர், புதுச்சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. பெக்கான் நானாஸ் என்ற ஊரைத் தாண்டிக் கடலோரத்தில் ஒரு பழைய ஐஸ் ஆலை வைத்திருக்கிறார். புது விலையைச் சோதித்துப் பார்க்கும் திட்டத்தில் அவரும் சேர்ந்திருந்ததால் அழைத்திருந்தார்கள். மலாயில் பேசினார், பக்கத்தில் இருந்தவர் எனக்கு மொழிபெயர்த்தார். தன் ஐஸை நம்பி ஒன்பது மீன்பிடிப் படகுகள் இருப்பதாகவும், அந்த ஒன்பதை நம்பித்தான் ஆலை இருப்பதாகவும் சொன்னார். டவுனில் புதிதாக ஒரு பெரிய ஆலை வந்திருக்கிறது, அங்கே குழாய் ஐஸை, குட்டைக் குழாய் வடிவத் துண்டுகளாக, பத்து நிமிடத்தில் லாரியில் கொட்டுகிறார்கள். இந்த மின்சார விலையில் தன்னால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும் என்று அவர் ஆரம்பிக்கும்போது நெறியாளர் மணியை அடித்தார். அவருக்குக் கொடுத்தது மூன்று நிமிடம்.

மதியச் சாப்பாட்டில் ஜொகூர் லக்சா. கெட்டியான மீன் குழம்பை ஸ்பெகட்டியின் மேல் ஊற்றிக் கொடுக்கிறார்கள். இத்தாலிக்காரன் சேமியாவில் மீன் குழம்பா என்று முகம் சுளித்தவள் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். அப்போதுதான் மாரிமுத்து தட்டோடு வந்து எதிரே நின்றார்.

"மேடம் தமிழ்தானே? உக்காரலாமா?"

"உட்காருங்க சார்."

"நீங்க பேசுனது எனக்குப் பாதிதான் வெளங்குச்சு. ஆனா படிச்சவங்க பேச்சு. எங்கப்பா ரப்பர் எஸ்டேட்ல பால் மரம் வெட்டுனவரு. நான் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில பதினாலு வருசம் வேல செஞ்சி இந்த ஆலைய ஒரு சீனத் தவுக்கே, அதான் மொதலாளி, அவருகிட்ட வாங்குனேன். இத விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. நான் என்ன செய்யணும், சொல்லுங்க மேடம்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஐஸ் எப்படி உறைகிறது, எப்போது எடுப்பீர்கள், படகு எந்த நாள் போகும் என்று நான்கு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். வாயில் லக்சா. "ரொம்ப சுலபம் சார். நாளைக்கு வெள்ளி. இரண்டு மணிக்கு மெஷினை நிறுத்துங்க, பத்து மணிக்குப் போடுங்க. விட்டதை ஞாயிற்றுக்கிழமை முழு வேகத்தில் ஓட்டிப் பிடிச்சிடுங்க. அன்னைக்கு நாள் முழுக்க மலிவு" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வெள்ளிக்கெழமையா..." என்று இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டார். அந்த இழுப்பு என் காதில் விழுந்தது. நான் கண்டுகொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காக நீண்ட இடைவேளை. விடுதிக்கு வெளியே ஒரு கடையில் பரோட்டாவைக் கிழித்துப் பருப்புக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தேன். இங்கே அதற்கு ரொட்டி சானாய் என்று பெயர். இந்தக் குழம்பை மதுரையில் ஊற்றினால் கடையை அடித்து நொறுக்குவார்கள். சரியாக இரண்டு மணிக்குக் கைப்பேசி அடித்தது.

"மேடம், கம்ப்ரஸர அடைச்சிட்டேன். பத்து மணிக்குத்தான் தொறப்பேன். வீட்டுக்காரி கத்துறா. பரவால்ல."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருபது வருடத்தில் என் யோசனையைக் கேட்டு ஒரு மனிதர் ஒரு சுவிட்சை அணைத்தது இதுதான் முதல் தடவை. எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்டு அணைக்க வேண்டியதில்லை, மின்சாரம் தானாகவே போய்விடும். திரும்பிப்போனதும் நெறியாளரிடம் ஓடிச்சென்று சொன்னேன். அவர் கோலாலம்பூர்க்காரர், எப்போதும் சிரித்த முகம். "அருமை, அருமை. அவருடைய மீட்டர் அரை மணிக்கு ஒரு முறை அளவு அனுப்பும். நாமே பார்க்கலாம்" என்று குறித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை மாரிமுத்துவின் ஆலையைப் பார்க்கக் கிளம்பினேன். வாடகைக் கார்க்காரர் பெக்கான் நானாஸ் வரை வந்துவிட்டு, அதற்கு மேல் போனால் திரும்பி வரச் சவாரி கிடைக்காது என்று அன்னாசிக் கடைகளுக்கு நடுவே இறக்கிவிட்டுப் போய்விட்டார். கடைக்காரம்மா கேட்காமலே ஒரு பழத்தைச் சீவி உப்பு மிளகாய்த் தூள் தூவிக் கையில் கொடுத்தார். தித்திப்பு. அரை மணியில் மாரிமுத்து ஐஸ் லாரியில் வந்தார். ஏறி உட்கார்ந்தேன்.

ஆலை என்பது தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. தரைக்குள் இறக்கிய பெரிய தொட்டியில் உப்புத் தண்ணீர். அதற்குள் ஆள் இடுப்பு உயரத் தகர டின்களில் நல்ல தண்ணீரை ஊற்றி இறக்கி வைக்கிறார்கள். உப்புத் தண்ணீர் குளிரக் குளிர டின்னுக்குள் இருப்பது ஓரத்திலிருந்து உள்நோக்கி உறைந்துகொண்டே வரும். நடுப்பகுதி கடைசியில்தான் உறையும். இரண்டு நாள் ஆகும்.

தொட்டியின் மேல் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் நின்றிருந்தார். மாரிமுத்துவின் மனைவி லெட்சுமி. டின்களை ஏற்றி இறக்குவது அவர் வேலை.

"நீங்கதானா அந்த இந்தியா மேடம்? வாங்க, வந்து பாருங்க."

சங்கிலியை இழுத்து ஒரு டின்னைத் தூக்கிக் கவிழ்த்தார். ஐஸ் கட்டி சறுக்கி வந்து தரையில் மோதியது. மோதியதும் இரண்டாகப் பிளந்து, உள்ளேயிருந்து அரை வாளித் தண்ணீர் என் செருப்பின் மேல் ஓடியது. அடுத்த டின்னும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

"வியாழக்கெழம காலையில எறக்குனது. இன்னிக்கி காலையில கல்லு மாதிரி இருக்கணும். நேத்து எட்டு மணி நேரம் அடைச்சி வச்சா எப்படி இருக்கும்? நான் தலையால அடிச்சிக்கிட்டேன் இவருகிட்ட. மேடம் சொன்னாங்க, மேடம் சொன்னாங்கன்னாரு. மேடம் என்ன ஐஸ் ஆக்கியிருக்காங்களா?"

"லெட்சுமி, சும்மா இரு" என்றார் மாரிமுத்து.

வெள்ளிக்கிழமை மலாய் மீனவர்கள் யாரும் கடலுக்குப் போவதில்லை. தொழுகை, வலை தைப்பது, வீடு. சனிக்கிழமை காலை தண்ணீர் ஏறும்போது ஒன்பது படகும் ஒன்றாகப் புறப்படும். ஆகவே வாரத்தின் பெரிய உறைச்சல் வெள்ளிக்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு மலிவாக உறைய வைத்தாலும் அடுத்த சனி வரை பாதுகாக்கக் குளிரறை கிடையாது. பல வருடம் இந்த மாநிலத்துக்கே வார விடுமுறை வெள்ளியும் சனியுமாகத்தான் இருந்திருக்கிறது. மற்ற மாநிலங்களைப் போல மாற்றியது சமீபத்தில்தான். அலுவலகங்கள் மாறின. கடல் மாறவில்லை. இது அந்த ஊரில் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். வியாழக்கிழமை மாரிமுத்து சொல்ல வந்து விழுங்கியதும் இதைத்தான்.

"அப்பவே ஏன் சார் சொல்லலை?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"மேடம், நீங்க எவ்வளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க. நாடு நாடாப் போய்ச் சொல்றவங்க. எனக்குத் தெரியாத கணக்கு ஏதோ இருக்குன்னு நெனச்சேன்."

ஜெட்டி என்று அங்கே சொல்லும் படகுத்துறையில் படகுகள் காத்திருந்தன. பாக் சாலே என்ற வயதான மீனவர் நடந்து வந்தார். ஒன்பது படகுக்கும் அவர்தான் மூத்தவர். பிளந்து கிடந்த கட்டிகளைப் பார்த்தார். மலாயில் மெதுவாகப் பேசினார், லெட்சுமி எனக்குத் தமிழில் சொன்னார். "மாரி, பதினைந்து வருடம் உன்னிடம்தான் எடுத்தேன். இந்த ஐஸை ஏற்றிக்கொண்டு போனால் நாலு நாள் கடலில் பிடிக்கும் மீன் நாறிவிடும். தண்ணீர் இறங்குவதற்குள் போக வேண்டும். கோபித்துக்கொள்ளாதே." கோபமே இல்லாமல்தான் சொன்னார். அதற்குள் அவருடைய மகன் டவுன் ஆலைக்குப் பேசிவிட்டிருந்தான். முக்கால் மணி நேரத்தில் பெரிய லாரி வந்து ஒன்பது படகிலும் குழாய் ஐஸைக் கொட்டிவிட்டுப் போனது.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். மாரிமுத்து கையை ஆட்டித் தடுத்தார். லெட்சுமி தடுக்கவில்லை. ஆனால் மதியம் மிளகாய் விழுதில் நண்டு சம்பால் வைத்துச் சோறு போட்டார். வந்த ஆளைப் பட்டினியாக அனுப்பக்கூடாது என்பதற்காகப் போட்ட சோறு அது, தட்டை வைத்த வேகத்திலேயே தெரிந்தது. தலைகுனிந்து சாப்பிட்டேன். ருசியாக இருந்தது, அதுவும் வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூட்டத்தை மூவார் என்ற ஊருக்கு அழைத்துப் போனார்கள். ஆற்றோரம் பழைய கடைவீதி. காலையிலேயே இலையில் சுருட்டிச் சுட்ட ஒத்தாக் ஒத்தாக், மீன் விழுதும் மிளகாயுமாக. மற்றவர்கள் இலையைப் பிரித்துப் பிரித்துப் புகைப்படம் எடுத்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவர், இந்த ஊர் மக்கள் விலை மாற்றத்தை எவ்வளவு பக்குவமாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்று வியந்துகொண்டிருந்தார்.

நெறியாளர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கைப்பேசியை நீட்டினார். மாரிமுத்துவின் மீட்டர் அனுப்பிய வரைபடம். வெள்ளிக்கிழமை இரண்டு மணி வரை மேலே போய்க்கொண்டிருந்த கோடு செங்குத்தாக விழுந்து, பத்து மணி வரை தரையோடு கிடந்து, மறுபடி எழுந்திருந்தது. "பாடப்புத்தகத்தில் போடலாம். நிறைவு விழாவில் இதைத்தான் காட்டப்போகிறோம். அறிக்கையில் உங்கள் அத்தியாயமே இதை வைத்து எழுதுங்கள். அடுத்த கட்ட ஆய்வுக்குப் பணம் தருகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்" என்றார்.

"அந்த ஐஸ்..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன?"

"உறைவதில் கொஞ்சம் சிக்கல் வந்தது போலிருக்கிறது."

"ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும். பழகிக்கொள்வார்கள்" என்று சிரித்துவிட்டு இன்னொரு இலையைப் பிரித்தார். ஒன்பது படகும் போய்விட்டன என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். அடுத்த கட்ட ஆய்வு என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகு எனக்கு அந்த வாக்கியம் வரவில்லை. இதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன்.

திங்கட்கிழமை நிறைவு விழா. மாரிமுத்துவையும் அழைத்திருந்தார்கள். வியாழக்கிழமை போட்டிருந்த அதே சட்டை, இப்போது மடிப்புக் கலைந்திருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரையில் அந்த வரைபடம் சுவர் அகலத்துக்கு விரிந்தது. சரியான விலை வைத்தால் சாமானிய மனிதரும் மறுநாளே நடந்துகொள்ளும் விதத்தை மாற்றிக்கொள்கிறார் என்று நெறியாளர் விளக்கினார். இந்தியாவிலிருந்து வந்த நிபுணரின் ஒரே ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது என்று என்னைக் காட்டினார். பிறகு மாரிமுத்துவை எழுந்து நிற்கச் சொல்லி, அனுபவம் எப்படி என்று கேட்டார்.

மாரிமுத்து எழுந்து மண்டபத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிடுங்கள் என்று தலையாட்டியிருக்கலாம், அல்லது நானே எழுந்து நின்றிருக்கலாம். மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"மேடம் சொன்னாங்க, செஞ்சேன். நல்லா இருந்துச்சு. நன்றி" என்று மலாயில் சொல்லி, கை கூப்பி உட்கார்ந்தார்.

மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

என்னை ஊருக்கு வழியனுப்பச் சிங்கப்பூர் விமான நிலையத்துக்குத் தன் காரிலேயே கொண்டுவிடுகிறேன் என்று மாரிமுத்துதான் சொன்னார். மறுக்கத் தைரியமில்லை. சாவடிக்கு முன்னால் வண்டிகள் வரிசை கட்டி நின்றபோது கேட்டேன்: "ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன? அத்தன பேர் முன்னால உங்கள விட்டுக்கொடுக்க முடியுமா? நம்ம ஊருக்கு வந்தவங்க நீங்க." ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"படகுகள் திரும்பி வருமா?"

"வராது மேடம். பாக் சாலே போனா மத்தவங்களும் அங்கதான். அவரு மேலயும் தப்பு இல்ல. இந்த வாரம் தொட்டியக் காலி பண்ணி ஆலைய மூடிடலாம்னு இருக்கோம். நான் திரும்ப சிங்கப்பூருக்கே போறேன், லாரி ஓட்டக் கூப்புடுறாங்க. லெட்சுமிதான் ரெண்டு நாளா பேசல."

வரிசை நகர்ந்தது. எனக்கு மன்னிப்பைத் தவிர வேறு வார்த்தை இல்லை, அதைத்தான் ஏற்கனவே செலவழித்துவிட்டேனே. இறங்கும்போது பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் கொஞ்சம் தயங்கினார்.

"ஒரே ஒரு ஒதவி மேடம். நீங்க புக்கு எழுதுவீங்களாமே, அதுல எங்க ஆலை பேரப் போட்டுறாதீங்க. வெள்ளிக்கெழம ஐஸ அடைச்ச ஐஸ்காரன்னு எவனாச்சும் படிச்சா, ஜெட்டிப் பக்கம் நான் தல காட்ட முடியாது."

போடமாட்டேன் என்றேன்.

அறிக்கை அச்சாகி வந்துவிட்டது. அடுத்த கட்ட ஆய்வும் எனக்கே வந்துவிட்டது. என் அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே அந்த வரைபடம் இருக்கிறது, இரண்டு மணிக்கு விழுந்து பத்து மணிக்கு எழும் நீலக் கோடு. அடியில் 'ஜொகூரில் ஒரு சிறிய ஐஸ் ஆலை: விலைக்கு ஏற்ப நுகர்வோர் தாமாகவே முன்வந்து செய்துகொண்ட மாற்றம்' என்று எழுதியிருக்கிறேன். ஆலையின் பெயரைப் போடவில்லை.